சுவரில் ஒட்டிய பத்து வரி

தியாகதுருகம்
16.11.2025, ஞாயிறு

அன்பு மகள் தர்ஷினிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், நீயும் அந்த அஸ்ஸாம் குளிரில் சளி காய்ச்சல் அண்டாமல் வேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருக்க வேண்டும் என்று அங்காளம்மனிடம் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். இங்கே பத்து நாளாக மழை விடவில்லை, மரவள்ளிக் கொல்லையில் தண்ணீர் நின்றுவிட்டது, கிழங்கு அழுகிவிடுமே என்று அப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் ஒருநாள் முழுக்க வாய்க்கால் வெட்டினார், இப்போது முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், டாக்டரிடம் போகலாம் என்றால் எருமை மாட்டுக்கு வராத கால்வலியா எனக்கு வந்துவிட்டது என்கிறார். உன் அண்ணன் தீபாவளிக்கு உளுந்தூர்பேட்டையிலிருந்து வந்துபோனான், ஷாலினிக்கு ஆறாவது மாதம் நடக்கிறது, வாந்தி நின்றுவிட்டது, நீ ஒருதடவை அவளுக்குப் போன் செய்து பேசு, அண்ணிக்கு உன்மேல் பாசம்.

போன ஞாயிறு நீ போனில் கேட்டாயே, நாலாம் வகுப்புப் பிள்ளைகள் கரும்பலகையில் இருப்பதை அச்சு மாதிரி எழுதுகிறார்கள், சொந்தமாக நாலு வரி எழுதச் சொன்னால் பென்சிலைக் கடித்துக்கொண்டு கூரையைப் பார்க்கிறார்கள், நீ எப்படிம்மா எழுத வைக்கிறாய் என்று. நான் குக்கர் விசில் அடிக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். அன்றைக்கு அடுப்பில் குக்கரே இல்லை தர்ஷினி. இரண்டு மாதமாக உன்னிடம் மழையைப் பற்றியும் மாட்டைப் பற்றியுமே பேசிக்கொண்டிருந்தேன், நீயும் அம்மா குரல் ஒருமாதிரி இருக்கிறதே என்று கேட்டாய், நான் மழுப்பிவிட்டேன். வாயால் சொல்ல வரவில்லை. நீ இப்போது டீச்சர் வேலையில் சேர்ந்து ஐந்து மாதம்தான் ஆகிறது, உனக்கு இது தெரிந்திருக்க வேண்டும், அதனால் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

உனக்குத் தெரியும், மலையில் எங்கள் பூவரசம்பாடிப் பள்ளியில் நாலும் அஞ்சும் ஒரே அறை, மொத்தம் பத்தொன்பது பேர், தமிழ் எழுத வைப்பது என் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக நானும் எல்லோரையும் போலத்தான் கட்டுரை நடத்தினேன். பசு ஒரு வீட்டு விலங்கு, அதற்கு நான்கு கால்கள் உண்டு என்று நான் சொல்லச் சொல்ல எழுதுவார்கள், பரீட்சையில் பத்தொன்பது பேரும் அதே பசுவை எழுதுவார்கள், பத்துக்கு ஏழு போடுவேன். இந்த வருஷம் ஜூன் மாதம் பள்ளி திறந்த அன்று எனக்கே அந்தப் பசு சலித்துவிட்டது. இனிமேல் தினமும் ஆளுக்கு ஒரே ஒரு வரி கொண்டுவாருங்கள், வீட்டிலிருந்து பள்ளிக்கு வருவதற்குள் பார்த்தது, கேட்டது, முகர்ந்தது எதுவாக இருந்தாலும் சரி, ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் எழுத முடியாத வரியாக இருக்க வேண்டும் என்று சொன்னேன். வீட்டில் பேசுகிற மாதிரியே எழுதலாம், வூடு என்று எழுதினால் அடிக்க மாட்டேன், பக்கத்தில் வீடு என்று எழுதிக் காட்டுவேன், அவ்வளவுதான். அந்த நோட்டில் சிவப்பு மையே தொடவில்லை. முதல் இரண்டு வாரம் மரம் இருந்தது, நாய் போனது என்றுதான் வந்தது. நாய் எப்படிப் போனது, எதற்குப் போனது, அதன் வால் எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். ஜூலை முடிவதற்குள் பிள்ளைகளுக்குப் பிடிபட்டுவிட்டது. பிரவீன்குமார் என்ற பையன், மூடுபனியில் பஸ் வருவதற்கு முன்னால் அதன் ஹாரன் மட்டும் தனியாக வந்தது என்று எழுதினான். தேவிப்ரியா என்ற நாலாம் வகுப்புப் பெண், எங்கள் ஆடு தும்மினால் எங்கம்மா அதற்கும் நூறு வயசு என்று சொல்லும் என்று எழுதினாள். சாயங்காலம் பஸ்ஸில் மலை இறங்கும்போது அந்த வரிகளை நினைத்துத் தனியாகச் சிரித்துக்கொண்டு வருவேன், கண்டக்டர் என்னை ஒருமாதிரி பார்ப்பார்.

தனுஷா என்று ஒரு பெண் ஐந்தாம் வகுப்பில். கூப்பிட்டால் எழுந்து நிற்கும், பேசாது. ர, ற எங்கே எது என்று அதற்கு இன்றுவரை சந்தேகம், மூன்றாம் வகுப்பிலிருந்து அவள் நோட்டு முழுக்கச் சிவப்பு வட்டமாகத்தான் இருந்தது. அப்பா பேர் பூமாலை, அம்மா சின்னப்பொண்ணு, கூலி வேலைக்குப் போகிறவர்கள், கொஞ்சம் சாமை, கொஞ்சம் மரவள்ளி. ஆகஸ்ட் கடைசியில் வாசனை என்று ஒரே சொல்லைப் பலகையில் எழுதி, இன்றைக்கு ஒரு வரி போதாது, எவ்வளவு வருகிறதோ எழுதுங்கள் என்றேன். தனுஷா எழுதிக் கொடுத்த தாள் இப்போது என்னிடம் இல்லை, ஆனால் எனக்கு மனப்பாடம். எழுத்துப்பிழையை மட்டும் திருத்தி உனக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் மூன்று வாசனை உண்டு. காலையில் புகை வாசனை. மத்தியானம் யாரும் இல்லாத வாசனை. சாயங்காலம் எங்க அப்பா வாசனை. அப்பா ஓடைக்கு மேலே மூங்கில் புதரில் இருந்து வருவார். அவர் மேலே வெல்லமும் பட்டையும் ஊறின வாசனை வரும். அது முதலில் இனிக்கும், அப்புறம் மூக்கைக் குத்தும். சோப்பு போட்டாலும் போகாது. அப்பா என் தலையைத் தடவினால் என் தலையிலும் அந்த வாசனை வரும். அன்றைக்கு நான் தலைக்குக் குளிக்க மாட்டேன்.

படித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து படித்தேன். மத்தியானம் யாரும் இல்லாத வாசனை என்று எழுத எனக்கு இந்த ஜென்மத்தில் வராது. வெல்லமும் பட்டையும் ஊறுவது என்றால் என்ன என்று எனக்குப் புரியாமல் இல்லை தர்ஷினி, அந்த மலைக்கு இருபத்தாறு வருஷமாகப் போய்வருகிறவள் நான். புரிந்தது, ஆனாலும் அந்த நேரத்தில் எனக்கு அது சாராயமாகப் படவில்லை, தமிழாகத்தான் பட்டது. பெரிய வெள்ளைத் தாளில் அவளையே அழகாக எழுத வைத்து, கீழே பெயர், வகுப்பு எல்லாம் போட்டு, வாசலைப் பார்த்த சுவரில் ஒட்டினேன். தலைமையாசிரியர் நாராயணசாமி சார் வந்து இரண்டு தடவை படித்தார். படித்துவிட்டு, ரொம்ப நல்லா எழுதியிருக்கு டீச்சர், அந்த ஓடை வரிய மட்டும் எடுத்துடுங்களேன் என்று மெதுவாகச் சொன்னார். நான் என்ன சொன்னேன் தெரியுமா, ஒரு வரியை எடுத்தாலும் உயிர் போய்விடும் சார் என்றேன். பெரிய இலக்கியவாதி மாதிரி. மனிதர் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். தனுஷாவிடம் ஒட்டட்டுமா என்றுகூட நான் கேட்கவில்லை, ஒட்டப்போகிறேன் என்று சொன்னேன். அது கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது, அது சிரித்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான்.

செப்டம்பரில் வட்டாரத்திலிருந்து ஆசிரியர் பயிற்றுநர் பார்வையிட வந்தார். நல்ல மனிதர், உண்மையிலேயே பிள்ளைகள் எழுத்தை நின்று படித்தார். இந்தத் தாளைப் போட்டோ எடுத்து, மலைப்பள்ளி மாணவியின் படைப்பு என்று பள்ளி பெயரோடு ஆசிரியர் குழுவில் போட்டார். நூறு பேர் கைதட்டினார்கள். எனக்கும் நாலு பேர் போன் செய்தார்கள், நான் பூரித்துப்போய் அப்பாவிடம் காட்டினேன், உன் அண்ணனுக்கு அனுப்பினேன், உனக்கும் அனுப்ப இருந்தேன், உன் போன் கிடைக்கவில்லை. அந்தக் குழுவிலிருந்து அது எங்கெங்கே போனது என்று யாருக்கும் தெரியாது. போன வருஷம் கள்ளக்குறிச்சி டவுனில் அந்த விஷச் சாராயச் சாவுகள் நடந்ததிலிருந்து மலையில் கெடுபிடி எவ்வளவு ஜாஸ்தி என்று உனக்கே தெரியும். எட்டாம் நாள் விடிந்தும் விடியாமல் போலீஸ் வந்துவிட்டது. ஓடைக்கு மேலே நேராக மூங்கில் புதருக்குப் போயிருக்கிறார்கள், இரண்டு பேரல் சாராய ஊறல் இருந்திருக்கிறது, கொட்டிவிட்டுப் பூமாலையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். போகும்போது ஒருவர் தனுஷாவைப் பார்த்து, போனைக் காட்டி, நீதான் எழுதினியா பாப்பா, நல்லா எழுதியிருக்க என்றாராம். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அன்றைக்குத் தனுஷா பள்ளிக்கு வரவில்லை. மறுநாளும் வரவில்லை. மற்றப் பிள்ளைகள் வந்தார்கள், ஒரு வரி நோட்டைக் கொடுத்தார்கள், வாங்கிப் பார்த்தேன். மரம் பச்சை நிறம். பசு பால் தரும். சூரியன் கிழக்கே உதிக்கும். பதினெட்டு நோட்டில் பதினேழிலும் இதுதான். ஆட்டுத் தும்மலை எழுதினாளே தேவிப்ரியா, அவள் மட்டும், இன்று நான் ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுதியிருந்தாள். ஏன்டி என்று கேட்டால், எங்கப்பா ஒன்னும் பாக்கக் கூடாதுன்னு சொல்லிச்சி டீச்சர் என்றாள். நான் நோட்டுகளை அப்படியே அடுக்கிவைத்துவிட்டுக் கணக்குப் பாடம் எடுத்தேன். மத்தியானம் அந்தத் தாளைச் சுவரிலிருந்து எடுத்து என் பையில் வைத்துக்கொண்டேன். பயிற்றுநருக்குப் போன் செய்தேன், அவர் பதறிப்போய்க் குழுவில் இருந்ததை அழித்தார், சார் சார் என்று நானும் டீச்சர் டீச்சர் என்று அவரும் சொல்லிக்கொண்டதோடு போனை வைத்துவிட்டோம்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொல்லி அழுதேன். அவர் கோபப்பட்டார். சாராயம் காச்சனவன புடிச்சாங்க, அதுக்கு நீ இன்னாத்துக்கு அழுவற, டவுன்ல செத்தவங்க வூட்டுக்கு நீயும்தான போயி உக்காந்துகினு வந்த என்றார். போய் வந்தவள்தான். அந்த வீட்டுப் பெண்கள் மாரில் அடித்துக்கொண்டதை மறந்துவிடவில்லை. மலையில் காய்ச்சுவது வேறு, அந்த விஷம் வேறு என்று மலைக்காரர்கள் சொல்வார்கள், எனக்கு அந்த வாதமெல்லாம் வேண்டாம், காய்ச்சியது குற்றம்தான், பிடித்தது சட்டம்தான். ஆனால் அவரைக் காட்டிக்கொடுத்தது அவர் பிள்ளையின் கையெழுத்து, அந்தக் கையைப் பிடித்து எழுத வைத்தவள் நான், ஒரு வரியை எடு என்று ஒருவர் சொல்லியும் எடுக்காதவள் நான். இதை அப்பாவிடம் சொன்னேன். மறுநாள் காலை பார்த்தால் சட்டை போட்டுக்கொண்டு நிற்கிறார், வா, பகலவன் வூட்டுக்குப் போவலாம் என்கிறார். அவர் கூடப் படித்த வக்கீல் பகலவன், எலவனாசூர்கோட்டைக்காரர், உனக்கு ஞாபகம் இருக்கும். அவர்தான் ஜாமீனுக்கு எழுதிப்போட்டார்.

அதற்கு நடுவில் ஒருநாள் பள்ளி விட்டதும் தனுஷா வீட்டுக்கு நடந்துபோனேன். சின்னப்பொண்ணு வாசலில் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை, உட்காரச் சொல்லவில்லை, கத்தியையும் நிறுத்தவில்லை. நான் நின்றுகொண்டே இருந்தேன். அப்புறம் அவளாகத்தான் பேசினாள். எங்க பொண்ணுக்கு எழுத்து வரணும்னுதான் அனுப்பினோம் டீச்சரம்மா, எழுத்து வந்து எங்க வூட்டுக்காரர இட்டுக்கினு போயிடுச்சி என்றாள். சத்தமே போடவில்லை தர்ஷினி, கிழங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். தனுஷா உள்ளேயிருந்து வந்து கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. அதுல எந்த எழுத்து தப்பு டீச்சர் என்று கேட்டது. முதலில் எனக்குப் புரியவில்லை. அந்தப் பிள்ளைக்குத் தப்பு என்றால் ர, ற, அவ்வளவுதான். இரண்டு வருஷமாக நான் வட்டம் போட்டு வட்டம் போட்டுச் சொல்லிக்கொடுத்தது அதுதான். ஏதோ ஒரு எழுத்தை மாற்றிப் போட்டுவிட்டோம், அதனால்தான் அப்பாவைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று நான்கு நாளாக அது தேடிக்கொண்டிருந்திருக்கிறது. நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். நீ எழுதினதுல ஒன்னும் தப்பில்ல கண்ணு, உன்ன கேக்காம சுவத்துல ஒட்டனது டீச்சரோட தப்பு என்று அவள் அம்மாவுக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். வக்கீல் ஏற்பாடு பண்ணியிருப்பதையும் சொன்னேன். சின்னப்பொண்ணு, அது உங்க இஷ்டம் என்றாள். திரும்பி நடந்து வரும்போது பஸ் போய்விட்டது, பால் ஏற்றுகிற வண்டியில் ஏறிக் கச்சிராயபாளையம் வந்து சேர்ந்தேன்.

பதினெட்டு நாள் கழித்துப் பூமாலைக்கு ஜாமீன் கிடைத்தது. காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த இரண்டாம் நாள், காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பார்க்கிறேன், வாசலில் நிற்கிறார். நாராயணசாமி சார் எனக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டார். அடிக்க வந்திருக்கிறாரோ, டி.சி. கேட்க வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். அவர் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு உள்ளே வந்தார். அந்தப் பேப்பர் இருக்குதுங்களா டீச்சர் என்றார். இருக்கிறது என்றேன். எம்மா ஆளுங்க படிச்சிட்டாங்க, ஸ்டேசன்ல படிச்சி சிரிச்சாங்க, உம் பொண்ணுதான்டா எழுதுச்சின்னாங்க, இன்னா எழுதனான்னு எனக்கு யாரும் சொல்லல, எனக்குப் படிக்கத் தெரியாதுங்க, நீங்க ஒருவாட்டி படிங்க என்றார். பையிலிருந்து எடுத்தேன். படித்தேன். எத்தனையோ தடவை படித்த பத்து வரி, அவர் முன்னால் வாய் குழறியது. ஓடை வரி வந்தபோது அவர் தலையாட்டினார், ஆமாம், சரியாகத்தான் சொல்லியிருக்கிறது என்கிற மாதிரி. கடைசி வரியைப் படித்ததும், இன்னொருவாட்டி அத்த மட்டும் என்றார். படித்தேன். தலையைக் குனிந்துகொண்டு நின்றார், அழுதாரா என்று எனக்குத் தெரியாது, நான் பார்க்கவில்லை, பார்க்க எனக்கு உரிமையும் இல்லை. அப்புறம் கையை நீட்டினார். இத்த என்கிட்ட குடுத்துடுங்க டீச்சர், இது எங்க வூட்டுது என்றார். கொடுத்தேன். மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, நாளைக்கு அனுப்பறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் தனுஷா வந்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. வழக்கு நடக்கிறது, பூமாலை மாதத்துக்கு இரண்டு தடவை கள்ளக்குறிச்சி கோர்ட்டுக்கு வந்துபோகிறார், மற்ற நாளில் கிழங்கு பிடுங்கப் போகிறார். சின்னப்பொண்ணு சந்தையில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். ஊரில் இரண்டு பேர் பிள்ளைகளை அடுத்த வருஷம் கீழே விடுதிப் பள்ளியில் போடப்போகிறார்களாம். ரிட்டயராக எனக்கு இன்னும் மூன்று வருஷம் இருக்கிறது, பேசாமல் பசுவுக்கே திரும்பிப் போய்விடலாமா என்று பல நாள் நினைத்தேன், பசு யாரையும் ஜெயிலுக்கு அனுப்பாது. ஆனால் அந்தப் பதினெட்டு நோட்டையும் பார்க்கச் சகிக்கவில்லை. அதனால் பிள்ளைகளிடம் இப்படிச் சொன்னேன், நோட்டு இனிமேல் உங்களுடையது, எழுதி முடித்துப் பக்கத்தை மடித்துவிட்டால் நான் படிக்க மாட்டேன், டீச்சரும் படிக்கக் கூடாது, சாரும் படிக்கக் கூடாது, யாரும் கூடாது, மடிக்காமல் விட்டால் மட்டும் படிப்பேன், படித்தாலும் கேட்காமல் யாருக்கும் காட்ட மாட்டேன். நம்பாமல் பார்த்தார்கள். பிரவீன்குமார் மடித்த பக்கத்தை வேண்டுமென்றே என் மேஜையில் வைத்துவிட்டுத் தூரத்தில் நின்று நான் பிரிக்கிறேனா என்று கண்காணித்தான். பிரிக்கவில்லை. இரண்டு வாரம் எல்லாப் பக்கமும் மடித்தே வந்தது. இப்போது ஐந்தாறு பேர் திறந்து விடுகிறார்கள்.

உனக்கு நான் சொல்வது இவ்வளவுதான். பிள்ளைகளை எழுத வைப்பது கஷ்டமில்லை தர்ஷினி, நிஜமாகக் காது கொடுத்தால் எழுதிவிடுவார்கள். எழுதின பிறகு அதை வைத்துக்கொண்டு நாம் என்ன செய்கிறோம் என்பதில்தான் இருக்கிறது எல்லாம். பிள்ளை தன் வீட்டை எழுதும்போது அதில் அம்மா இருப்பாள், அப்பா இருப்பார், அவர்கள் யாரும் தங்களைப் பற்றி எழுதச் சொல்லி நம்மிடம் கேட்கவில்லை. உன் பள்ளி ராணுவக் குடியிருப்பில் இருக்கிறது, அங்கேயும் பிள்ளைகள் எழுதுவதில் அவர்கள் அப்பாக்கள் வருவார்கள், எங்கே போனார், எப்போது வருவார் என்று வரும். யோசித்துச் செய். சுவரில் ஒட்டுவதற்கு முன்னால் பிள்ளையைக் கேள், கேட்டாலும் அதற்குத் தெரியாததை நீ யோசி. யாராவது ஒரு வரியை எடுக்கச் சொன்னால் ஏன் சொல்கிறார் என்று ஒருநிமிஷம் நின்று கேள், என்னை மாதிரி பெரிய வார்த்தை பேசாதே.

இதை உனக்கு எழுதலாமா என்று பூமாலையிடம் கேட்டேன், உங்க பொண்ணுக்குத்தானே, எழுதுங்க என்றார். தனுஷாவிடமும் கேட்டேன், அந்த அக்காவும் டீச்சரா என்று கேட்டுவிட்டுச் சரி என்றது, ஆனால் போட்டோ எடுக்கக் கூடாதாம். அதனால் படித்துவிட்டு உன்னிடமே வைத்துக்கொள், கூடத் தங்கியிருக்கிற பெண்களிடம்கூடக் காட்டாதே. ஊறுகாயும் கம்பளிக் காலுறையும் தனிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன், வந்ததும் சொல். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. அங்காளம்மன் உன்னையும் உன் வகுப்புப் பிள்ளைகளையும் நோய் நொடி இல்லாமல் காப்பாற்றட்டும், நீ கைவைக்கிற காரியம் யாருக்கும் கெடுதல் இல்லாமல் முடியட்டும் என்று நானும் அப்பாவும் வாழ்த்துகிறோம்.

தனுஷா தினமும் எழுதுகிறாள். வெள்ளிக்கிழமை வரை பதினோரு பக்கம் ஆகியிருக்கிறது. பதினொன்றும் மடித்தே இருக்கிறது.

உன் அம்மா,
பெரியநாயகி